சொந்தப் பதிப்பு நூல்களில் கறுப்பு வெள்ளைப் படங்கள்: திரைக்கு அல்ல, தாளுக்குத் தயார் செய்வது எப்படி?

நூலைச் சொந்தமாகப் பதிப்பிக்க முனைபவர்களிடம் படங்களைப் பற்றிப் பேசினால், பெரும்பாலும் ஓர் எண்தான் முதலில் வரும்: 300. ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்துவிட்டால் படம் நன்றாக அச்சாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அந்த எண்ணில் தவறில்லை. ஆனால், அச்சாகி வந்த நூலைப் புரட்டிவிட்டு, முகங்களெல்லாம் கறுத்துப்போய்விட்டன என்றோ படம் முழுக்க ஒரே மங்கலாக இருக்கிறது என்றோ வருந்துபவர்களில் பலர், தேவைக்கு மேற்பட்ட பிக்சல்கள் கொண்ட படங்களைத்தான் அனுப்பியிருப்பார்கள். குறை பிக்சலில் இல்லை, சாயலில் இருக்கிறது. வெண்மைக்கும் கருமைக்கும் இடைப்பட்ட சாம்பல் படிகள் தாளில் எவ்வளவு இருளும் என்பதை முன்கூட்டியே கணித்து, அந்த இருட்சியைக் கழித்துவிட்டுப் படத்தை அனுப்புவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

சாம்பல் இல்லாமல் சாம்பலைக் காட்டுதல்

கறுப்பு வெள்ளை உள்பக்கங்களை அச்சிடும் இயந்திரத்திடம் இருப்பது கறுப்பு மை அல்லது கறுப்பு டோனர் என்னும் மைப்பொடி மட்டுமே. சாம்பல் நிறத்தில் எதையும் பூச அதனால் இயலாது. ஓரிடத்தில் மையை வைக்கலாம், அல்லது வைக்காமல் விடலாம். எனவே அது படத்தை நுண்ணிய புள்ளிகளாக உடைக்கிறது. வெளிறிய வானத்தில் சிறு புள்ளிகள் விலகி நிற்கும்; கருங்கூந்தலில் பெரிய புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் ஊசிமுனை அளவுக்கு மட்டும் வெள்ளை தெரியும். படிக்கும் தூரத்தில் இருந்து பார்க்கும்போது கண் இவற்றைக் கலந்து சாம்பலாக உணர்ந்துகொள்கிறது. ஏதாவதொரு நாளிதழின் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே பார்த்தால், கண்ணிமை என்று நாம் நினைத்தது நான்கைந்து கறுப்புப் பொட்டுகள்தான் என்பது விளங்கும்.

ஹாஃப்டோன் எனப்படும் இந்த முறை பழையது. 1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் டெய்லி கிராஃபிக் நாளிதழ், ஒரு குடிசைப் பகுதியின் ஒளிப்படத்தை இம்முறையில் வெளியிட்டது. அதன்பின் இயந்திரங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. ஒரே மையைக் கொண்டு சாம்பலைக் காட்ட வேண்டிய கட்டாயம் மாறவில்லை.

புள்ளி வரிசைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை, ஓர் அங்குலத்துக்கு எத்தனை வரி என்ற கணக்கில் சொல்வார்கள். நாளிதழில் 85 வரி அளவில் இருக்கும். அச்சுத் தகடு கொண்டு பல பிரதிகளாக அச்சிடும் ஆஃப்செட் முறை நூல்களில் 133 அல்லது 150, வழவழப்பான ஆர்ட் பேப்பரில் 175 என்று உயரும். வரிகள் நெருங்கினால் படத்தின் நுணுக்கம் கூடும். ஆனால் இங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. ஒவ்வொரு ஹாஃப்டோன் புள்ளியையும் இயந்திரம் தன்னுடைய அதைவிடச் சிறிய புள்ளிகளைச் சேர்த்துத்தான் உருவாக்குகிறது. அங்குலத்துக்கு 2400 நுண்புள்ளிகளை வைக்கக்கூடிய கருவி 150 வரியில் அச்சிட்டால், ஒரு ஹாஃப்டோன் கட்டத்துக்குள் 16க்கு 16, அதாவது 256 நுண்புள்ளிகள் அடங்கும். சாம்பல் படிகளுக்குப் பஞ்சம் இல்லை. அங்குலத்துக்கு 600 நுண்புள்ளிகள் மட்டுமே வைக்கும் ஒரு சாதாரண லேசர் இயந்திரம் 100 வரியில் அச்சிட்டால் கட்டத்துக்குள் 6க்கு 6, அதாவது 36 நுண்புள்ளிகளே அடங்கும். வெற்றுத் தாளையும் சேர்த்து 37 படிகள்தான் கிடைக்கும். மென்மையாக இறங்கும் வானச் சாயல் சில டிஜிட்டல் அச்சுகளில் பட்டை பட்டையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். தேவைக்கேற்ப ஒன்றிரண்டு பிரதிகளாக அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் நிறுவனங்கள் டோனர் அல்லது இங்க்ஜெட் இயந்திரங்களைப் பயன்படுத்துகின்றன. இன்றைய இயந்திரங்கள் இந்த எளிய கணக்கைவிடக் கூர்மையான உத்திகளைக் கையாள்கின்றன என்றாலும், அடிப்படை எல்லை அதேதான்.

300 என்ற எண்ணும் இங்கிருந்துதான் வருகிறது. வரி எண்ணிக்கையைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பிக்சல் இருந்தால் போதும் என்பது அச்சுத் தொழிலில் பழகிய விதி. 150 வரிக்கு இரண்டு மடங்கு 300. அதற்கு மேல் கொடுக்கும் பிக்சல்கள் கோப்பைக் கனமாக்குமே தவிர, படத்தைத் துலக்கமாக்காது.

புள்ளி பருக்கிறது, நடுச்சாயல் இருள்கிறது

தாளில் விழும் புள்ளி, கோப்பில் இருந்த அளவிலேயே நிற்பதில்லை. திரவ மை தாளின் இழைகளுக்குள் ஊறிப் பரவுகிறது. டோனர் ஊறாவிட்டாலும், சூட்டில் உருகி அழுந்தும்போது ஓரம் சற்று விரிகிறது. இவை தவிர ஒளியும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்கிறது: புள்ளிக்கு அருகே தாளுக்குள் நுழையும் ஒளி உள்ளுக்குள் சிதறி, அதில் ஒரு பகுதி மைக்கு அடியில் சிக்கிக்கொள்வதால், புள்ளியைச் சுற்றியுள்ள வெள்ளையும் நிழல் படிந்தாற்போலத் தெரிகிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்து டாட் கெயின் என்பார்கள். புள்ளிப் பெருக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பெருக்கம் எல்லாச் சாயல்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதுதான் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. புள்ளி விரிவது அதன் ஓரத்தில். சிறு புள்ளிகளுக்குச் சுற்றளவு குறைவு; ஏறக்குறைய முழுக் கறுப்பான இடத்திலோ விரிவதற்கு வெள்ளையே மிச்சமில்லை. ஓரங்களின் மொத்த நீளம் மிகுந்திருக்கும் இடம் நடுச்சாயல். ஆகவே கோப்பில் தாள்பரப்பின் 50 சதவீதத்தை மறைக்கும்படி இருந்த சாம்பல், பூச்சில்லாத சாதாரணத் தாளில் 70 சதவீதத்தை நெருங்கி அச்சாகலாம். மனித முகங்கள், குறிப்பாக மாநிறமும் கருநிறமும் கொண்ட முகங்கள், பெரும்பாலும் இந்த நடுச்சாயலில்தான் இருக்கின்றன. கணினித் திரையில் கன்னத்து வளைவும் கண்ணோரச் சுருக்கமும் பளிச்சென்று தெரிந்த ஒரு முதியவரின் படம், நூலில் நெற்றியும் மூக்குநுனியும் மட்டும் மின்னுகிற ஒரு நிழலாக மாறிவிடுவது இதனால்தான்.

இதற்கு மேல் கருமையின் எல்லை ஒன்றும் உண்டு. பூச்சில்லாத தாளில் அச்சான கறுப்பு, தாளின் வெண்மை திருப்பி அனுப்பும் ஒளியில் சுமார் 6 சதவீதத்தை இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கும். நல்ல பூச்சுத் தாளில் அது சுமார் 2 சதவீதம் வரை இறங்கும். அதாவது சாதாரண நூல் தாளின் கறுப்பு, உண்மையில் ஓர் அடர்சாம்பல். திரையில் நாம் காணும் ஆழமான கருமையும் ஒளிவிடும் வெண்மையும் அந்தத் தாளில் இல்லை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதே தாளில் அவற்றை வாங்கவும் முடியாது. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் எந்தச் சாயலுக்கு இடம் கொடுப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுப்பவர் நாமாக இருக்க வேண்டும். இயந்திரத்திடம் விட்டால் அது முகத்தை விட்டுக்கொடுத்துவிடும்.

மூலப் படம்

பழைய ஒளிப்படத்தை ஸ்கேன் செய்வதாக இருந்தால், அச்சில் வர வேண்டிய அளவை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 2 அங்குல அகலமுள்ள சிறு படத்தை அங்குலத்துக்கு 600 பிக்சலில் ஸ்கேன் செய்தால் 1200 பிக்சல் கிடைக்கும். அது 300 கணக்கில் 4 அங்குல அகலத்துக்குத் தாங்கும். பெரிதாக்க வேண்டியதில்லை என்றால் 300 போதும். ஆனாலும் ஒருமுறைதான் எடுக்கப்போகிறோம் என்பதால் 600ல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஸ்கேனர் 16 பிட் வசதி தந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். 8 பிட் கோப்பில் 256 படிகளே இருக்கின்றன. பின்னால் சாயலை இழுத்துத் திருத்தும்போது அவற்றில் இடைவெளி விழும். 16 பிட்டில் 65,536 படிகள் இருப்பதால் எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. திருத்தம் எல்லாம் முடிந்த பிறகு 8 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று ஸ்கேனரைச் சாம்பல் முறையில் வைக்காதீர்கள். வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். பழைய படங்களில் படிந்திருக்கும் மஞ்சள், பழுப்புக் கறைகள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், கோப்பின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ண அடுக்குகளில், அதாவது சானல்களில், நீலச் சானலில் கருந்திட்டுகளாகத் தெரியும். சிவப்புச் சானலிலோ அவை ஏறக்குறைய மறைந்தே போயிருக்கும். மூன்று சானல்களையும் தனித்தனியே திறந்து பார்த்து, சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலே பாதித் துப்புரவு வேலை முடிந்துவிடுவது உண்டு. அழிக்கும் கருவியோடு மணிக்கணக்கில் போராடுவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டிய முதல் காரியம் இது.

இதழிலோ வேறு நூலிலோ ஏற்கெனவே அச்சான படத்தை ஸ்கேன் செய்தால், அதிலுள்ள பழைய புள்ளிகளும் நம் அச்சின் புதிய புள்ளிகளும் மோதி, பட்டுத்துணியில் ஓடும் நெளிவைப் போன்ற அலைக்கோலத்தை உண்டாக்கும். ஸ்கேனர் மென்பொருளில் டீஸ்கிரீன் என்ற தெரிவு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் உயர்ந்த அளவில் ஸ்கேன் செய்து, புள்ளிகள் கரையும் அளவுக்கு லேசாக மங்கலாக்கி, பிறகு அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

பிக்சல் போதாத படத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு பெரிதாக்குபவர்கள் இப்போது பலர். அக்கருவிகள் இல்லாத நுணுக்கத்தைக் கண்டுபிடிப்பதில்லை, கற்பனை செய்து நிரப்புகின்றன. மரக்கிளைக்கு அது பரவாயில்லை. குடும்ப வரலாற்று நூலில், யாருடையது என்று தெரியாத பல்வரிசையும் கண்ணும் ஓர் உறவினரின் முகத்தில் முளைப்பதை நான் ஏற்கமாட்டேன். படத்தைச் சிறிய அளவில் அச்சிடுவதே நேர்மையான வழி.

வண்ணப் படத்தைச் சாம்பலாக்கும்போது, மென்பொருளின் ஒற்றைச் சொடுக்கு மாற்றத்தை நம்பிவிடக் கூடாது. பரவலாகப் பயன்படும் வாய்ப்பாடு ஒன்று, பச்சைக்கு 59 சதவீதமும் சிவப்புக்கு 30 சதவீதமும் நீலத்துக்கு 11 சதவீதமும் எடை கொடுத்துக் கூட்டுகிறது. இதனால் வண்ணத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கும் சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பலில் ஒன்றிவிடக்கூடும். சானல் மிக்சர் போன்ற கருவியில் சிவப்பின் பங்கைச் சற்றே கூட்டினால் பூ வெளுத்து, இலையிலிருந்து பிரிந்து நிற்கும்.

சாயலைத் திருத்துதல்

இனி முதன்மையான வேலை. படத்தைச் சாம்பல் படிகள் மட்டுமே கொண்ட கிரேஸ்கேல் முறைக்கு மாற்றி, ஃபோட்டோஷாப், ஜிம்ப் என்று எதுவாக இருந்தாலும் சாயல்களை ஒரு வளைகோட்டின் வழியே கூட்டிக் குறைக்க உதவும் கர்வ்ஸ் கருவியை அதில் திறந்துகொள்ளுங்கள். கோப்பில் 0 என்பது முழுக் கறுப்பு, 255 என்பது வெற்றுத் தாள்.

முதலில் இரு முனைகள். நுணுக்கம் வேண்டிய மிக வெளிறிய பகுதி 242 அளவில், அதாவது 5 சதவீதப் புள்ளியில் நிற்கட்டும். வெள்ளைச் சட்டையை 255க்கே விட்டால் அங்கு புள்ளியே விழாது. சட்டை தாளோடு கலந்து, தலையும் கைகளும் தனியே மிதக்கும். பாத்திரத்தில் தெறிக்கும் ஒளி, கண்மணியில் மின்னும் பொட்டு போன்றவற்றை மட்டும் வெற்றுத் தாளாக விடலாம். மறுமுனையில், நுணுக்கம் தெரிய வேண்டிய மிகக் கருத்த பகுதியை 26 அளவுக்கு, அதாவது 90 சதவீதப் புள்ளிக்கு உயர்த்துங்கள். அதைவிடக் கருத்த சாயல்கள் சாதாரணத் தாளில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கறுப்பாகிவிடும்.

அடுத்து நடுப்பகுதி. வளைவின் மையத்தைப் பிடித்து, 128 ஆக இருப்பது 150 அளவுக்கு வரும்படி மேலே தூக்குங்கள். 50 சதவீதச் சாம்பல் இப்போது 41 சதவீதமாகிவிட்டது. தாள் தன் பங்கைச் சேர்த்த பிறகு, திருத்தாமல் விட்டதைவிட அது நாம் முதலில் விரும்பிய இடத்துக்கு நெருங்கி நிற்கும். முகம் இன்னும் இருண்டிருந்தால் முகத்தை மட்டும் தேர்ந்து இன்னும் சற்றுத் தூக்கலாம். இவ்வாறு திருத்திய படம் திரையில் வெளிறிச் சோகையாகத் தோன்றும். பார்க்கும் எவரும் கெடுத்துவிட்டதாகத்தான் சொல்வார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். திரையின் பிரகாசத்தை முழு அளவில் வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு இந்த ஏமாற்றம் இன்னும் பெரிதாக இருக்கும். அருகில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதன் வெண்மைக்கு ஒப்பாகத் திரையைக் குறைத்துக்கொண்டால் கணிப்பு எளிதாகும்.

இங்கே தந்துள்ள எண்கள் தொடங்குவதற்கானவை. உங்கள் அச்சகத்தார் தங்கள் தாளுக்குரிய அளவுகளைத் தருவார்களானால் அவற்றையே பின்பற்றுங்கள்.

கூர்மையாக்குவது கடைசி வேலை. படத்தை அச்சளவுக்குச் சுருக்கிய பிறகே ஓரங்களைக் கூர்மையாக்கும் அன்ஷார்ப் மாஸ்க் கருவியைப் பயன்படுத்த வேண்டும். முன்பே செய்தால் சுருக்கும்போது அது வீணாகும். 300 பிக்சல் படத்துக்கு ஆரம் 1 பிக்சல், அளவு 100 முதல் 150 சதவீதம் என்று தொடங்கலாம். தாளில் புள்ளிகள் விரிந்து ஓரங்களை மழுக்குவதால், திரையில் சற்று முறைப்பாகத் தெரியும் கூர்மை அச்சில் இயல்பாக அமையும்.

கோப்பில் நேரும் இழப்புகள்

இவ்வளவு செய்த படத்தைப் பக்க வடிவமைப்பு மென்பொருள் சத்தமில்லாமல் கெடுத்துவிடக்கூடும். மைக்ரோசாஃப்ட் வேர்டின் பல பதிப்புகள், சேமிக்கும்போது படங்களை இயல்பாகவே அங்குலத்துக்கு 220 பிக்சலுக்குச் சுருக்கிவிடுகின்றன. மேம்பட்ட அமைப்புகளுக்குள் சென்று, கோப்பிலுள்ள படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியைத் தேர்ந்த பிறகே படங்களைச் சேர்க்க வேண்டும். பிடிஎஃப் ஆக மாற்றும்போதும் அச்சுத் தரத் தெரிவையே எடுத்து, முடிந்த கோப்பைத் திறந்து ஒரு படத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்.

படங்கள் சிவப்பு, பச்சை, நீலம் கலந்து நிறம் காட்டும் ஆர்ஜிபி வண்ண முறையில் இருந்துவிட்டால், வண்ண இயந்திரத்தில் அச்சாகும்போது சாம்பல் நான்கு மைகளின் கலவையாக உடைந்து, ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் செம்மையாகவும் சாயக்கூடும். அமேசானின் சொந்தப் பதிப்புச் சேவையான கேடிபி போன்றவற்றில் கறுப்பு மை உள்பக்கத்தைத் தேர்ந்தால் வண்ணப் படத்தை அவர்களே சாம்பலாக்கிவிடுவார்கள். ஆனால் அந்த மாற்றம் அவர்களுடைய விருப்பப்படி நடக்கும். கிரேஸ்கேலாகவே அனுப்பினால் எது எவ்வளவு கருமை என்பதை நாமே நிர்ணயித்துவிடலாம். கோட்டோவியங்களுக்கு மட்டும் வேறு விதி: அவற்றைச் சாம்பலாக அல்லாமல் வெறும் கறுப்பு, வெள்ளை என்ற 1 பிட் கோப்பாக, 600 முதல் 1200 பிக்சலில் தர வேண்டும். இல்லாவிட்டால் கோடுகளின் ஓரம் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

தாள்

கிரீம் நிறத் தாள் கண்ணுக்கு இதமானது, நாவலுக்குப் பொருத்தமானது, படத்துக்கு அன்று. படத்தின் வெண்மை என்பது தாளின் வெண்மையே என்பதால், கிரீம் தாளில் படத்தின் உச்ச ஒளியே மங்கலாகத் தொடங்குகிறது. படங்கள் மிகுந்த நூலுக்கு வெள்ளைத் தாளையே தேர்ந்தெடுங்கள். மெல்லிய தாளில் பின்பக்கத்துப் படம் முன்பக்கத்தில் ஊடுருவித் தெரியும். தெரிவு இருந்தால் கனமான தாளை எடுக்கலாம், இல்லையென்றால் ஒரு தாளின் இரு பக்கங்களிலும் படங்கள் ஒரே இடத்தில் நேருக்கு நேர் அமையும்படி வடிவமைக்கலாம். வெளிறிய வானம் உள்ள படங்களைச் சுற்றி அரை பாயிண்ட் கனத்தில் ஒரு மெல்லிய கோடு போட்டால், படம் தாளுக்குள் கரையாமல் நிற்கும்.

ஒளிப்படமே நூலின் உயிர் என்றால், நான் பிரிண்ட் ஆன் டிமாண்டின் கறுப்பு மையைப் பரிந்துரைக்க மாட்டேன். பூச்சுத் தாளில் ஆஃப்செட்டாகவும், வசதி இருந்தால் கறுப்போடு ஒரு சாம்பல் மையையும் சேர்த்து அச்சிடும் டியோடோன் முறையிலும் செய்யும்போது கிடைக்கும் ஆழம் வேறு. வாழ்க்கை வரலாறு, ஊர் வரலாறு, பயண நூல் போன்றவற்றுக்குக் கறுப்பு மை தாராளமாகப் போதும்.

சோதனைப் பிரதி

எல்லாக் கணிப்பும் தாளில்தான் தேறும். நூல் முழுவதையும் அனுப்புவதற்கு முன், சோதனைக்கென்றே ஒரு சிறு நூலை உருவாக்குவது நல்ல முதலீடு. கேடிபியில் குறைந்தபட்சம் 24 பக்கங்கள் வேண்டும். அந்தப் பக்கங்களை இப்படி நிரப்பலாம். உங்கள் படங்களில் மிக இருண்ட ஒன்று, மிக வெளிறிய ஒன்று, முகங்கள் நிறைந்த ஒன்று என மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் திருத்தாமல் ஒருமுறையும், மையத்தை 140, 150, 160 என்று தூக்கி மூன்று முறையும் வைத்து, கீழே அந்த எண்ணையே எழுதிவிடுங்கள். இன்னொரு பக்கத்தில் 0 முதல் 100 சதவீதம் வரை ஐந்தைந்தாக ஏறும் சாம்பல் கட்டங்களை வரிசையாக வையுங்கள். நூல் கைக்கு வந்ததும் பகல் வெளிச்சத்தில் அந்த வரிசையைப் பாருங்கள். 85க்கும் 90க்கும் வேறுபாடு தெரிந்து, 90க்கும் 95க்கும் தெரியவில்லை என்றால் உங்கள் கருமையின் எல்லை 90. மறுமுனையில் எந்தக் கட்டம் முதலில் கண்ணுக்குத் தெரிகிறதோ அது உங்கள் வெண்மையின் எல்லை. இந்த இரண்டு எண்களும், முகம் சரியாக வந்த படத்தின் கீழே உள்ள எண்ணும் கிடைத்துவிட்டால், மீதிப் படங்கள் அனைத்துக்கும் அதே வளைவைப் பொருத்திவிட்டு, தேவைப்படும் சிலவற்றை மட்டும் தனியே திருத்திக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் ஆன் டிமாண்டில் இன்று ஓரிடத்திலும் நாளை வேறோர் இடத்திலும், வெவ்வேறு இயந்திரங்களிலும் பிரதிகள் அச்சாகின்றன. டோனரின் அடர்த்தி பிரதிக்குப் பிரதி சற்றே மாறும். எனவே சோதனையில் 90 சதவீதம் வரை பிரிந்து தெரிந்தது என்பதற்காக முக்கியமான நுணுக்கத்தை அந்த விளிம்பில் நிறுத்தாமல், 85க்குள்ளேயே வைத்துவிடுங்கள். அடர்த்தி கூடிப்போன ஒரு பிரதி வாசகரிடம் போய்ச் சேர்ந்தாலும், அதில் கண்கள் கண்களாகவே தெரியும்.